கார் இழுக்கவில்லை, டேஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன: அறிகுறியை வைத்துப் பழுதைத் தேடும் வழி

"வண்டி இழுக்க மாட்டேங்குது", "திடீர்னு பிக்கப் போயிடுச்சு", "டேஷ்போர்டுல எல்லா விளக்கும் எரியுது". பட்டறைக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். முதலில் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சென்சார் போயிடுச்சு, இல்லையென்றால் ஈசியு (இன்ஜினை நடத்தும் கணினி) போயிடுச்சு. திறந்து பார்த்தால் பேட்டரி முனையில் பூத்த உப்போ, தளர்ந்த எர்த் வயரோ, பிளந்த ரப்பர் குழாயோ காரணமாக இருக்கும். ஈசியு தானாகப் பழுதாவது மிக அரிது. ஆனாலும் அதை மாற்றச் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்கப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கீழே உள்ளவற்றைக் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடும் வரிசையில் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச், பேட்டரி முனைக்கு 10ஆம் நம்பர் ஸ்பேனர், போனுடன் இணையும் ப்ளூடூத் ஓபிடி ரீடர் (கார் பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளை, அதாவது 'கோடு'களை, படிக்கும் சிறு கருவி). ஓபிடி சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும். ரீடர் காட்டும் கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் கோடுகள் அழிந்துவிடும். அழிந்தபின் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் இருட்டில்தான் தேட வேண்டும்.

## ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டிய நேரம்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டாலோ, பெட்ரோல் வாடை அல்லது வயர் கருகும் வாடை வந்தாலோ ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிய இன்ஜின்கள் முழுதாகத் திரும்புவதில்லை.

மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரலாம். அது விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. பெட்ரோல் இன்ஜின் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். பிளக், காயிலோடு முடிய வேண்டிய வேலை கன்வெர்ட்டர் வரை போய்விடும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

## அறிகுறி: செல்ஃப் எடுக்கவில்லை

'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, விளக்குகள் மங்குகின்றன

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுதாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை அல்லது உயிர் இல்லை. முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் அப்படியே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடிய பேட்டரியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் வசதியுள்ள கார் என்றால் அதற்குரிய இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரியே போட வேண்டும். சாதாரண பேட்டரி விலை குறைவு, ஆனால் சீக்கிரம் போய்விடும்.

வோல்ட் சரியாக இருக்கிறது, ஆனாலும் 'டிக்' மட்டும்

இந்த இடத்தில்தான் ஆட்கள் நேராக செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகடிவ் முனையில், சிவப்பு முனை இன்ஜினின் வெறும் உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5ஐத் தாண்டினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் வயரிலோ, அதன் போல்ட்டிலோ கோளாறு. மீட்டர் இல்லையென்றால் ஜம்ப் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும், மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் மாட்டிப் பாருங்கள். உடனே செல்ஃப் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, துருவை எமரி தாளால் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் முடிந்தது. எர்த் சரியாக இருந்து, பேட்டரியும் நல்லதாக இருந்தால் மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

ஒரு சத்தமும் இல்லை

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியில் உள்ள நாணய பேட்டரியை நினைத்துப் பாருங்கள். பல சாவிகளில் சிஆர்2032 வகை இருக்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். அவசரத்துக்குச் சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும்.

அதுவும் இல்லையென்றால் பெடல் சுவிட்ச். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கையும், மேனுவலில் கிளட்சையும் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். மிதித்திருக்கிறோம் என்று காருக்குச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச். பிரேக்கை மிதித்துப் பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். மிதிக்காமலே எரிந்துகொண்டிருந்தால் பெடலுக்குக் கீழே கால் மேட்டைப் பாருங்கள், உடைந்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டு கிடக்கும். சுவிட்சை அழுத்த வேண்டிய தடுப்புத் துண்டு அது. விலை மிகக் குறைவு. இந்தச் சுவிட்ச் கெட்டால் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), இஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது) விளக்குகளும் சேர்ந்து எரியும், க்ரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யாது. அதைப் பார்த்துவிட்டு ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முதலில் சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிக் காதைத் தீட்டுங்கள். பெட்ரோல் காரில் பின் சீட்டுக்குக் கீழே இரண்டு விநாடி 'ஊம்' என்று ஒரு சத்தம் வரும். அது ஃப்யூல் பம்ப். சத்தமே இல்லையென்றால் பம்ப் ஃபியூஸ், அப்புறம் ரிலே. பக்கத்தில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே (ஹாரனுக்கு உள்ளது போல) இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் பம்ப். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும், ஏனெனில் அதைக் குளிர வைப்பதே டேங்கில் உள்ள பெட்ரோல்தான்.

சாவி படம் போட்ட விளக்கு வேகமாக மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி) சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எடுக்காவிட்டால் சர்வீஸ் சென்டர்தான், வீட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை.

டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் லைனில் காற்று புகுந்திருக்கும். டீசல் லைனில் உள்ள பம்ப் பல்பை (கைப் பம்ப்) கெட்டியாகும் வரை கையால் அமுக்குங்கள். பெட்ரோல் கார் பலமுறை அரைகுறையாக ஸ்டார்ட் அடித்து வாடை வீசினால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு விநாடி செல்ஃப் அடியுங்கள். அப்போது ஈசியு பெட்ரோலை நிறுத்தி, உள்ளே சேர்ந்ததை வெளியே தள்ளும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையவில்லை, ரீடரிலும் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்வது) மீது சந்தேகம். அதன் கப்ளரை (வயர் இணைப்பு) கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன

இதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் நான்கைந்து யூனிட்கள் ஒரே நிமிடத்தில் தனித்தனியாகக் கெடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது. பெரும்பாலும் அது வோல்டேஜ். மின்சார ஸ்டீயரிங்குக்கு நிறைய கரண்ட் வேண்டும், வோல்ட் குறைந்தால் முதலில் முறையிடுவதும் அதுதான்.

முதல் சோதனை. இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு 2000 ஆர்பிஎம்மில் வைத்தாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை ஈசியுவே ஏற்றி இறக்கும். அவற்றில் சில நேரம் 12.8 கூடக் காட்டலாம், லோடு போட்டதும் ஏறினால் கவலை இல்லை.

12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள வயரும் கப்ளரும் இறுகியிருக்கின்றனவா, பேட்டரி பாசிடிவ் முனையில் உள்ள பெரிய ஃபியூஸ் வெந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் ஆல்டர்னேட்டர். பல நேரங்களில் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாற்றினாலே போதும், முழு யூனிட் தேவைப்படாது. கேட்டு வாங்குங்கள்.

15ஐத் தாண்டுகிறது. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அப்படியே ஓட்டாதீர்கள், பேட்டரி வேகும், யூனிட்கள் ஒவ்வொன்றாகப் போகும்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த ஈசியுவும் போய்விடும். உங்கள் காரில் யாராவது அப்படிச் செய்யக் கை வைத்தால் தயங்காமல் தடுங்கள்.

வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் பேட்டரி முனைகள். கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரும் சோடா மாவும் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். அடுத்து பாடியில் உள்ள எர்த் போல்ட்டுகள். ஈசிஆர் ஓரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் நிற்கும் கார்களில் இவை உப்புக் காற்றில் சீக்கிரம் பூத்துவிடும்.

ரீடரில் 'யு' என்று தொடங்கும் கோடுகள் (யு0100, யு0121 போன்றவை) வந்தால் யூனிட்களுக்குள் பேச்சு அறுந்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. இதற்கு மேல் வயரிங் வரைபடம் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும்.

ஏபிஎஸ், இஎஸ்பி விளக்குகள் மட்டும். வீல் ஸ்பீடு சென்சார். மழைக்குப் பின்னும், பெரிய பள்ளத்தில் இறங்கிய பின்னும் வரும். எந்தச் சக்கரம் என்பதை ஏபிஎஸ் படிக்கக்கூடிய ரீடர் சொல்லிவிடும். சேற்றைக் கழுவி, கப்ளரைச் சுத்தம் செய்து பாருங்கள். வீல் பேரிங் மாற்றிய உடனே வந்தால், காந்தப் பட்டை உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

## அறிகுறி: ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பவர் போகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிறது

கொல்லிமலையில் ஏறும்போதோ, லாரியை முந்தும்போதோ செக் இன்ஜின் விளக்கு எரிந்து, அதற்கு மேல் 2500, 3000 ஆர்பிஎம்மைத் தாண்டாது. இது லிம்ப் மோடு. ஏதோ ஓர் அளவு பொருந்தவில்லை என்று கண்டு, இன்ஜினைக் காப்பாற்ற ஈசியு பவரைக் குறைத்திருக்கிறது. அணைத்துப் போட்டால் திரும்புவதாலேயே பலர் மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். அடுத்த முறை முந்திக்கொண்டிருக்கும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து, தள்ளிப் போடாதீர்கள்.

கோடு எங்கே பார்க்கச் சொல்கிறதோ அங்கே பாருங்கள், ஆனால் கோட்டில் உள்ள பெயரைப் படித்து அந்தப் பாகத்தை வாங்காதீர்கள். டர்போ அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0299 வந்தால் டர்போ கெட்டது என்று அர்த்தமில்லை. காற்று எங்கோ ஒழுகினாலும் அதே கோடுதான் வரும்.

டீசல் கார்

முதலில் குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ரப்பர் குழாய்களைக் கையால் அமுக்கி, திருப்பி, அடிப்பக்கம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கசிந்து அழுக்கு ஒட்டிய இடத்தில்தான் பிளவு இருக்கும். மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்ற சத்தமும் பின்னால் கறுப்புப் புகையும் வந்தால் ஏறக்குறைய உறுதி. கிளாம்ப் கழன்றிருந்தால் இறுக்கினாலே போதும். டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்களையும் விடாதீர்கள், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடியுங்கள், அடியில் நீர் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது மட்டும் பவர் போய், டீசல் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0087 வந்தால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

மூன்றாவது ஏர் ஃப்ளோ சென்சார். பி0101 வந்தால் அதற்குரிய ஸ்பிரே மட்டும் அடித்து உலரவிடுங்கள். துணி, பஞ்சு, கார்புரேட்டர் கிளீனர் எதுவும் கூடாது. உள்ளே இருக்கும் கம்பி முடியைவிட நுணுக்கமானது. எண்ணெய் தடவிய ரேஸிங் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய்தான் இதைக் கெடுக்கிறது.

நான்காவது இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது). ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் கார்களில் கரி அடைத்துக்கொள்ளும், பி0401 வரும். கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் வேலை, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புகை விதிகளுக்கு முரண், பிஎஸ்6 (2020 முதல் உள்ள புகை விதி) காரில் வேறு கோடுகளையும் கிளப்பிவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்ற பிஎஸ்6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. வீட்டுக்கும் கடைக்குமாகச் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டினால் அது நிறைந்து விளக்கு எரியும். அந்த நிலையிலேயே நெடுஞ்சாலையில் 20 நிமிடம், மணிக்கு 60 கி.மீ.க்கு மேல், 2000 ஆர்பிஎம் விடாமல் ஓட்டினால் உள்ளே கரி தானாக எரிந்து விளக்கு அணையும். நடுவில் அணைக்காதீர்கள். விளக்கு மின்னத் தொடங்கி, செக் இன்ஜினும் சேர்ந்து எரிந்தால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்து எரிக்க வேண்டும். அப்போது ஆயில் குச்சியையும் பாருங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் டீசல் ஆயிலோடு கலந்திருக்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றும் டீசல் கார் என்றால் அதன் அளவையும் பாருங்கள், அது தீர்ந்தால் சில கார்கள் மறுமுறை ஸ்டார்ட் ஆகவே மறுக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பி0299 திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் டர்போ. ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கைகள் சுவரைத் தொடும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் கார்

வண்டி குலுங்கி, பவர் குறைந்தால் மிஸ்ஃபயர். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை முதலில். கோடுகளை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் கெட்டது. பி0301 அப்படியே இருந்தால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். பத்து நிமிட வேலை, நாலு காயிலையும் வாங்கும் செலவு மிச்சம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி கேட்கவில்லை, பி2135 வருகிறது என்றால் த்ராட்டில் பாடி அல்லது பெடல் சென்சார். இரண்டின் கப்ளர்களையும் முதலில் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். த்ராட்டில் பாடியில் கறுப்புப் படிந்திருந்தால் துடைக்கலாம், ஆனால் இதழை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே உள்ள பல் உடையும். சுத்தம் செய்தபின் ஐடில் ஏறி இறங்கினால் ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

சிஎன்ஜி காராக இருந்தால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சரியாகப் போனால் பழுது கேஸ் பக்கம். அதைக் கேஸ் கிட் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் தொட வேண்டாம்.

## அறிகுறி: விளக்கு எதுவும் இல்லை, இழுவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது

எலக்ட்ரானிக்ஸை மறந்துவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். சிறிது தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றையும் பாருங்கள்.

நாலாவது கியரில் 40 கி.மீ.யில் போய்க்கொண்டு முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினில் குறை இல்லை.

இவை இல்லையென்றால் ஏர் ஃபில்டர், பிளக். ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியதையும் பார்த்திருக்கிறேன். கடைசியாக, அடைத்துப் போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: வேகம் ஏற ஏற மூச்சுத் திணறும், இருக்கைக்குக் கீழே வழக்கத்துக்கு மேல் சூடு தெரியும். இதைப் பட்டறையில் அழுத்தம் அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

## அறிகுறி: ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது

முதலில் உயிர். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக் ஓரிரு மிதிக்கு மட்டும் முழுதாகப் பிடிக்கும், பிறகு இறுகிவிடும். ஆகவே மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்துக்குப் போங்கள். நிற்கும் வரை சாவியைக் கழற்றவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

சூடானபின் அணைந்து, அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. கிராங்க் சென்சாரின் வழக்கமான குணம் இது. பி0335 வரலாம், வராமலும் போகலாம். விலை அதிகமில்லை. அடுத்த சந்தேகம் ஃப்யூல் பம்ப்.

அணையும்போது டேஷ்போர்டும் சேர்ந்து செத்துப்போகிறது. பேட்டரி முனை, மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், இதே வரிசையில். இன்ஜின் ஓடும்போது சாவியை லேசாக ஆட்டினால் அணைகிறதா என்று நின்ற இடத்தில் பாருங்கள்.

பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்திலேயே. மழைக்காலத்தில் பங்க் டேங்கில் நீர் இறங்கியிருக்கலாம். இப்போது விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நீரை இழுக்கும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும். பில்லைப் பத்திரப்படுத்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்து வைத்து, டேங்கை இறக்கிக் கழுவச் சொல்லுங்கள்.

## அறிகுறி: இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சரி என்று மேலே சொன்னபடி பார்த்துவிட்டீர்கள் என்றால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், வெளியே போட்ட ஆம்ப்ளிஃபயர், டிக்கி விளக்கு ஆகியவற்றை முதலில் கழற்றுங்கள். ஓபிடி ரீடரையே சாக்கெட்டில் விட்டுவிட்டாலும் குடித்துக்கொண்டிருக்கும்.

அளக்க வேண்டும் என்றால் நெகடிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். பானட் திறந்தே இருக்கட்டும், அதன் பூட்டை மட்டும் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள், அரை மணி காத்திருங்கள். யூனிட்கள் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 200 இருந்தால் நாளுக்கு 4.8 ஆம்பியர்-மணி போகிறது, 40 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் பாதிக்கு வந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் எரிந்துவிடும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரியதாகப் போடாதீர்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. இருந்த நிறமே போட வேண்டும். வெளிக் கடையில் ஹாரன், ஃபாக் லைட் போடும்போது ரிலே வைக்காமல் ஒரிஜினல் வயரைச் சீவி முறுக்கியிருப்பார்கள். தீப்பிடித்த பல கார்களின் வயரிங் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

## அறிகுறி: மழைக்குப் பின், அல்லது எலி வந்துபோன பின்

2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களில் பல, தண்ணீரால் போனதைவிட, வடிந்த மறுநாள் செல்ஃப் அடித்ததால் போயின. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் காருக்குள் தரை விரிப்பைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியை ஆன் கூடச் செய்யாதீர்கள். நெகடிவைக் கழற்றி, நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, கட்டி இழுத்துப் போங்கள். இன்ஜினைத் தனியாகக் காக்கும் ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாலிசியில் பாருங்கள். மழையில் மட்டும் நனைந்து மிஸ் அடித்தால் காயில், கப்ளர்களை கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்துங்கள். இன்ஜின் ரூமுக்குள் பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம்.

எலிக்கு பானட்டைத் திறந்து புழுக்கை, கடித்த ரப்பர், உரிந்த வயர் தேடுங்கள். வெட்டிய வயரைச் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் திரும்ப வருவீர்கள். ஒன்றோடொன்று பின்னிய இரட்டை வயர் என்றால் அந்தப் பின்னலை அப்படியே காக்க வேண்டும். மஞ்சள் உறை போட்டவை ஏர்பேக் வயர்கள், அவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது, சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும்.

## அறிகுறி: மின்சாரக் கார் எழவில்லை, அல்லது பவர் குறைகிறது

பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் 12 வோல்ட் பேட்டரி காலியானால் இந்தக் காரும் எழாது. அதை மேலே சொன்னபடியே அளக்கலாம். ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாதீர்கள்.

12 வோல்ட் பேட்டரி அடிக்கடி காலியானால் அதைச் சார்ஜ் செய்யும் யூனிட்டில் குறை இருக்கலாம். 2024இல் ஹூண்டாய் அயானிக் 5, கியா ஈவி6 கார்களை இந்தியாவிலும் திரும்ப அழைத்தது இதே யூனிட்டுக்காகத்தான். எந்த காராக இருந்தாலும் பழுதுக்குக் காசு கொடுக்கும் முன், நிறுவனத்தின் தளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை இலவசம்.

## பட்டறைக்குப் போகும்போது

"வண்டி இழுக்கல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகம், எந்த கியர், ஏறும்போதா சமதளத்திலா, சூடாகவா குளிர்ச்சியாகவா, ஏசி போட்டிருந்ததா, அதற்கு முன் என்ன வேலை நடந்தது, நீங்கள் அளந்த வோல்ட் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கோடுகளின் படத்தையும் காட்டுங்கள்.

ஈசியு மாற்ற வேண்டும் என்று சொன்னால் மூன்று அளவுகளைக் கேளுங்கள்: ஈசியு கப்ளரில் பேட்டரி வோல்ட் முழுதாக வருகிறதா, அதன் எர்த் பின்களில் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இழப்பு, ஸ்கேனர் அதனோடு பேசுகிறதா. இந்த மூன்றையும் அளந்து காட்டாதவரிடம் வண்டியை விடாமல், இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். மாற்றிய பழைய பாகங்களை எப்போதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.